10-க்கு 9 அடி படுக்கையறை: கதவைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது, என்ன செய்யலாம்?

கொளத்தூர்_தேனீ:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை கொளத்தூரில் சொந்த ஃப்ளாட். பெரிய படுக்கையறையை மாமனார் மாமியாருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நான்கு வயது மகளும் சின்ன அறையில் இருக்கிறோம். கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 9 அடி. வடக்குச் சுவரின் மேற்குக் கோடியில் கதவு. கிழக்கே நான்கடி ஜன்னல். தெற்குச் சுவர் நெடுக 7 அடி உயரத்தில் இரண்டடி அகலக் கான்கிரீட் பரண், அதில் இல்லாத சாமானே இல்லை. பரணுக்குக் கீழே கன்னி மூலையில் அம்மா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ.

கட்டில் 5-க்கு ஆறரை. தெற்கே தலை வைத்து நடுவில் போட்டிருக்கிறோம். காலடியில் டிரெஸ்ஸிங் டேபிள். மூன்று சுவர் லாவெண்டர் நிறம், மேற்குச் சுவர் மட்டும் அடர் ஊதாவில் டெக்ஸ்சர். வாங்கும்போதே பில்டர் அடித்துக் கொடுத்தது.

வந்து பார்த்த ஒரு இன்டீரியர்காரர் ஃபால்ஸ் சீலிங், முழுச் சுவர் கண்ணாடி வார்ட்ரோப் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டார். எங்களிடம் இருப்பது நாற்பதாயிரம். பெயிண்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

சுண்ணாம்பு_வாளி:
முதல் வேலையாக அந்த ஊதாவை ஒழியுங்கள். நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று 100-க்கு ஒரு எண் உண்டு. கடையில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். நல்ல வெள்ளை 80-க்கு மேல் வரும், அடர் ஊதா 10-ஐத் தாண்டினால் அதிசயம். பகல் முழுக்க ஜன்னலில் வரும் வெளிச்சத்தை அந்த ஒரு சுவர் குடித்துக்கொண்டிருக்கிறது.

என் யோசனை: சீலிங் வெள்ளை, நான்கு சுவரும் அதைவிட ஒரு படி அழுத்தமான தந்த நிறம். சீலிங்குக்கும் சுவருக்கும் வித்தியாசம் இருந்தால்தான் கூரை உயர்ந்து தெரியும்.

இழைப்புளி:
இருபது வருஷத்துக்கு மேல் தச்சு வேலை செய்கிறேன். பெயிண்ட் கடைசி வேலை. முதலில் கட்டில், அடுத்து பரண், அப்புறம் விளக்கு.

சில கேள்விகள். கதவு எந்தப் பக்கம் சாய்கிறது? ஏசி எங்கே? ஸ்விட்ச் போர்டு எங்கே? பீரோவில் கண்ணாடி உண்டா? ஃபால்ஸ் சீலிங்கை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். ஒன்பதரை அடி உயரத்தில் அரையடியைப் பறித்துக்கொண்டு, மின்விசிறியையும் தலைக்குக் கிட்டே இறக்கிவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் விசாலமா?

கொளத்தூர்_தேனீ:
கதவு மேற்குச் சுவரில் சாயும். ஏசி ஜன்னலுக்கு மேலே. ஸ்விட்ச் போர்டு தெற்குச் சுவரில், இப்போதைய தலைமாட்டில். பீரோவின் ஒரு கதவில் நீளக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதில் பாதி ஸ்டிக்கர், மீதியில் துண்டு தொங்குகிறது. 😀

பரண்மேல்_பூனை:
"இல்லாத சாமானே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம். பட்டியலை நான் சொல்லட்டுமா? கொலுப்படி, டிவி வாங்கிய அட்டைப்பெட்டி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டா, சக்கரம் உடைந்த சூட்கேஸ், குழந்தையின் தொட்டில், அடுத்த குழந்தைக்கு ஆகுமே என்று அதன் மெத்தையும். சரியா?

கொளத்தூர்_தேனீ:
தொட்டில் வரைக்கும் சரி! கூடவே மாமனாரின் பழைய டேப் ரெக்கார்டர்.

இழைப்புளி:
சரி, காகிதம் எடுத்து வரைந்து பாருங்கள். இப்போது உங்கள் கட்டில் தரையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் அரையடி, ஜன்னல் பக்கம் ஒன்றரை அடி, காலடியில் இரண்டரை அடி. அந்த இரண்டரையிலும் டிரெஸ்ஸிங் டேபிள் உட்கார்ந்திருக்கிறது. மனுஷன் தாராளமாக நடக்க இரண்டடி வேண்டும். அதாவது உங்கள் அறையில் தரை இருக்கிறது, நடக்க இடம் இல்லை.

கட்டிலை அப்படியே திருப்புங்கள். தலை கிழக்கே, ஜன்னலுக்குக் கீழே. ஒரு பக்கம் தெற்குச் சுவரோடு ஒட்டட்டும். கிழக்கு மேற்கில் ஆறரை அடி போக மூன்றரை அடி மிச்சம், பீரோ மூன்றடி, இடிக்காது. தெற்கு வடக்கில் 5 அடி போக 4 அடி மிச்சம். கதவிலிருந்து ஜன்னல் சுவர் வரை 10 அடி நீளத்துக்கு 4 அடி அகலத்தில் ஒரே பட்டையாகத் தரை கிடைக்கும். அதே 90 சதுர அடிதான். கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் எதிரே பீரோவைப் பார்த்தாலும், இடது கைப்பக்கம் ஜன்னல் வரை கண் தடையில்லாமல் ஓடும்.

சுவர் ஓரம் படுப்பவர் எழுந்திருக்க இன்னொருவரைத் தாண்ட வேண்டுமே என்பீர்கள். அங்கே மகள் படுக்கட்டும். உருண்டு விழவும் மாட்டாள். தவிர, ஏசி இப்போது பக்கவாட்டிலிருந்து முகத்தில் அடிக்கிறது. திருப்பினால் தலைக்கு மேலே போய்க் கால் பக்கம் இறங்கும்.

அளவுகோல்:
கட்டில் விஷயத்தில் இழைப்புளியோடு ஒத்துப்போகிறேன். ஒரு தகவல்: இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, மற்றது 7.5-க்குக் குறையக் கூடாது, அகலம் 2.1 மீட்டராவது வேண்டும் என்கிறது. 7.5 என்பது சுமார் 81 சதுர அடி. உங்களுடையது அதற்குக் கொஞ்சம் மேலே. பில்டர்கள் இரண்டாவது படுக்கையறையை எந்த எண்ணைப் பார்த்து வரைகிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு_வாளி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். சீலிங் வெளுப்பாக இருந்தால் அறை உயரமாகத் தெரிகிறது. சுவர் வெளுப்பாக இருந்தாலும் அப்படியே. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் தனியாக எதையும் கூட்டவில்லை. எனவே சுவரை அழுத்தமாக்கிக் கூரையைத் தூக்கும் வித்தை வேண்டாம். இரண்டுக்கும் ஒரே வாளி போதும், கூலியும் குறையும்.

சுண்ணாம்பு_வாளி:
ஆய்வு சொல்வது இருக்கட்டும். ஒரே வெள்ளையில் நாலு சுவரும் கூரையும் அடித்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். பார்த்திருக்கிறேன்.

அளவுகோல்:
அது நிறத்தால் வந்த வினை இல்லை, விளக்கால் வந்தது. பச்சை வெள்ளை ட்யூப்லைட்டை நடுச்சுவரில் ஒன்று மாட்டிவிட்டால் எந்த நிறமும் ஆஸ்பத்திரிதான்.

வெள்ளவத்தை_அலை:
கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய அடுக்குமாடியிலும் இதே கதைதான். இரண்டாவது அறைக்குள் கட்டிலும் அலுமாரியும் வைத்தால் பிறகு யன்னல் திறக்கவும் ஏலாது. நாங்கள் கட்டிலையே எடுத்துவிட்டோம். மெத்தையை மடித்துச் சுவரோடு சாத்தினால் பகலில் அது இருக்கை. பழைய வீடுகளில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு அதே அறைக்குள்ளேதானே எல்லாம் நடந்தது? படுக்கை என்பது இரவுக்கு மட்டும் தேவையான சாமான். அதற்கு முழுநாளும் தரையைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பரண்மேல்_பூனை:
கேட்க நன்றாக இருக்கிறது. தினமும் மெத்தையைத் தூக்குவது யார் என்று முடிவு செய்துவிட்டுக் கட்டிலை விற்கவும். எங்கள் வீட்டில் முதல் வாரத்தோடு "இன்றைக்கு மட்டும் கிடக்கட்டும்" ஆகிவிட்டது.

வெள்ளவத்தை_அலை:
மறுக்க மாட்டேன். 😀 மெல்லிய பஞ்சு மெத்தையாக இருந்தால் சரிவரும். தென்னைநார் மெத்தை என்றால் நினைக்கவே வேண்டாம். இன்னொன்று, தரையோடு மெத்தையை விடுகிறவர்கள் பகலில் கட்டாயம் நிமிர்த்தி வைக்க வேண்டும். கடல் காற்றுள்ள இடத்தில் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மதுரை_வாடகை:
தேனீ அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம், இங்கேயே கேட்கிறேன். வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தால் ஓனர் கீழே இருந்தே கத்துவார். பெயிண்டும் தொடக் கூடாது. அறை இதைவிடச் சின்னது. ஏதாவது வழி உண்டா?

இழைப்புளி:
தம்பி, ஆணி இல்லாமலே பாதி வேலை ஆகும். கட்டிலை ஒரு மூலையில் தள்ளு. பெட் ஷீட், திரை, தலையணை உறை மூன்றையும் சுவரின் நிறத்துக்குப் பக்கத்தில் வாங்கு. பெரிய பூப்போட்ட பெட் ஷீட் விரித்தால் கட்டில் அறையைவிடப் பெரிதாகத் தெரியும். ஜன்னலில் ஏற்கெனவே கம்பி இருந்தால் துணியை மட்டும் கனமில்லாததாக மாற்று. கரூர்ப் பக்கத்துத் திரைத்துணியில் மெல்லிய பருத்தி கிடைக்கும். கதவுக்குப் பின்னால் மாட்டுகிற கொக்கிச் சட்டங்கள் வருகின்றன, கதவின் மேல்விளிம்பில் அப்படியே தொங்கும். ஆனால் அதில் சட்டையை மலை மாதிரி ஏற்றாதே, கதவு முழுக்கத் திறக்காது. கதவு முழுக்கத் திறக்காத அறை எப்போதும் சின்ன அறைதான்.

கொளத்தூர்_தேனீ:
இழைப்புளி அண்ணா, கட்டிலைத் திருப்புவது பற்றி வீட்டில் பேசினேன். மாமியார் சொன்னது: "கிழக்கே தலை வைத்தால் நல்லதுதானே, வடக்கே வைக்காமல் இருந்தால் சரி." எனக்கே ஆச்சரியம்! ஆனால் பீரோ கன்னி மூலையை விட்டு நகரக் கூடாது, கட்டிலுக்கு எதிரே கண்ணாடியும் கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டார். இணையத்தில் எல்லோரும் பெரிய கண்ணாடி மாட்டு என்றுதான் சொல்கிறார்கள். மேற்குச் சுவரில் மாட்டலாமா என்று நினைத்தேன், அது படுத்தால் நேர் எதிரே வருகிறது.

அளவுகோல்:
கண்ணாடிக்கு நம்பிக்கையோடு வம்பு செய்யாமலே ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி தனக்கு எதிரே இருப்பதைத்தான் இரண்டாக்கும். ஜன்னல் எதிரே இருந்தால் இரண்டு ஜன்னல். வடக்குச் சுவரில் மாட்டினால் எதிரே உங்கள் பரண், ஆக இரண்டு பரண், இரண்டு டேப் ரெக்கார்டர்.

இன்னொன்று, முழு உருவம் தெரிய ஆளுயரக் கண்ணாடி தேவையே இல்லை. உங்கள் உயரத்தில் பாதி இருந்தால் போதும், மேல்விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வரும்படி வைத்தால் சரி. எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. ஐந்தரை அடிக்காரருக்கு இரண்டே முக்கால் அடி.

இழைப்புளி:
அப்படியென்றால் வேலை முடிந்தது. பீரோ கண்ணாடியே போதும். அது வடக்கே பார்க்கிறது, கிழக்கே தலை வைத்துப் படுப்பவருக்கு அதில் தன் உருவம் தெரியாது. மாமியாரின் இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகிறது. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுங்கள், துண்டுக்கு வேறு இடம் பாருங்கள், டிரெஸ்ஸிங் டேபிளை வெளியே அனுப்புங்கள். அந்த நான்கடிப் பட்டை முழுசாக உங்கள் கைக்கு வரும். பவுடர், சீப்பு, வளையலுக்கு பீரோவின் உள்தட்டு ஒன்றை ஒதுக்கினால் ஆயிற்று.

சுண்ணாம்பு_வாளி:
பீரோ என்ன நிறம்?

கொளத்தூர்_தேனீ:
பாசிப்பச்சை. எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்ததே, அந்தப் பச்சை.

சுண்ணாம்பு_வாளி:
அதைச் சுவரின் நிறத்துக்கே மாற்றுங்கள். கதவைத் திறந்ததும் நேர் எதிரே தெரிகிற முதல் பொருள் அது. ஆறரை அடி உயரப் பச்சை, சுவரோடு கரைந்துபோனால் கண் அதில் இடறாது. ஆனால் தூரிகையால் அடிக்காதீர்கள், கோடு விழும். பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்புக்கான பிரைமர் கொடுத்து, ஸ்பிரே செய்ய வேண்டும். பழைய பீரோவைப் புதுப்பிக்கிற பட்டறைகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. பளபளப்பு வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும். பளபளத்தால் ட்யூப்லைட் அதில் கோடாகத் தெரியும்.

பரண்மேல்_பூனை:
அம்மா கொடுத்த பீரோ, அப்படியே இருக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லையா? நிறம் மாறினாலும் அம்மா கொடுத்ததுதான். பரணுக்கு வருகிறேன். தயவுசெய்து அதற்குக் கதவு போடுங்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. இனிமேல் மகள் படுப்பது அதற்கு நேர் கீழே. திறந்த பரணில் அண்டா இருக்கக் கூடாது.

இழைப்புளி:
பூனை சொன்னது நூற்றுக்கு நூறு. முதலில் கனமான சாமானை எல்லாம் பீரோவுக்கு மேலே வருகிற மூன்றடிக்கு மாற்றுங்கள், கட்டிலுக்கு மேலே வருகிற பகுதியில் துணி, போர்வை, கொலுவுக்கான துணி மாதிரி லேசானவை மட்டும்.

கதவுக்கு இரண்டு வழி. அலுமினியச் சட்டத்தில் தள்ளுகதவு போட்டால் மலிவு, ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், பெரிய சூட்கேஸ் எடுக்கத் திண்டாட்டம். பிளைவுட்டில் ஆறு சின்னக் கதவு போட்டால் ஒவ்வொன்றும் 20 அங்குல அகலம் வரும், கீல் தொங்காது. கைப்பிடி வேண்டாம், அமுக்கினால் திறக்கிற லாட்ச் போடுங்கள். மைக்கா சுவரின் நிறத்தில், மங்கலான வகை. மரத்தின் வரி போட்ட மைக்கா கடைக்காரர் காட்டுவார், அழகாகவும் இருக்கும், வாங்காதீர்கள். பத்தடி நீளத்துக்கு ஒரு பழுப்பு உத்தரம் தலைக்கு மேலே ஓடுகிற மாதிரி ஆகிவிடும். பீரோவுக்கும் பரணுக்கும் நடுவே அரையடி இடைவெளி இருக்குமே, அதையும் ஒரு பட்டைப் பலகையால் மூடச் சொல்லுங்கள். பீரோவின் பின்பக்கம் மட்டும் காற்று போகட்டும்.

அளவுகோல்:
எல்லோரும் "காலி செய், மறை, கரை" என்று ஒரே பக்கம் போவதால் எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1860களிலேயே எழுதியிருக்கிறார்: சாமான் உள்ள அறையைவிட வெற்று அறை சின்னதாகத் தெரியும், ஒரே நிறம் பூசிய சுவரைவிட வடிவங்கள் உள்ள சுவர் பெரிதாகத் தெரியும். கண்ணுக்கு அளந்து பார்க்க நடுவில் சில படிகள் வேண்டும். வீடு பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், காலி ஃப்ளாட்டில் "இதில் கட்டிலே நுழையாதே" என்று தோன்றும், நுழைந்த பிறகுதான் இடம் இருப்பது தெரியும். ஆகவே மேற்குச் சுவரை மொட்டையாக விட வேண்டாம். மகள் வரைந்த படங்கள் மூன்று நான்கு, சிறியதாக, ஒரே வரிசையில்.

இழைப்புளி:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே போகும் சாமான் எதுவும் சுவரைவிட்டு ஆறு அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. படம் சரி, அலமாரித் தட்டு வேண்டாம். தட்டு ஒன்று வைத்தால் ஒரு மாதத்தில் அதன் மேல் மருந்து டப்பாவும் சார்ஜரும் குடியேறும்.

சில பில்டர்களின் மாதிரி ஃப்ளாட்டில் பாருங்கள், பரணும் இருக்காது, பீரோவும் இருக்காது, அறைக்குக் கதவே இருக்காது. கட்டிலும் அளவெடுத்துச் சின்னதாகச் செய்தது. அதோடு நம் அறையை ஒப்பிட்டு வருத்தப்படக் கூடாது.

கொளத்தூர்_தேனீ:
விளக்கு பற்றி யாராவது சொல்லுங்களேன். இப்போது வடக்குச் சுவரில் ஒரே ஒரு ட்யூப்.

அளவுகோல்:
ஒரே விளக்கு இருந்தால் அதற்கு எதிர் மூலைகள் இருட்டாகும், இருட்டான மூலை வரை அறை இருப்பதாகக் கண் கணக்கெடுக்காது. உங்கள் அறையில் மோசமான இருட்டு பரணுக்குக் கீழே, பீரோவும் கட்டிலும் இருக்கிற குகை. அதனால் பரணின் அடிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி, எல்இடி பட்டையை அலுமினியக் காடிக்குள் பதித்து நீளமாக ஓட்டுங்கள். சுவர் மேல் வெளிச்சம் வழிய வேண்டும், கண்ணில் படக் கூடாது. அது 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். வடக்குச் சுவர் ட்யூபை 4000-க்கு மாற்றுங்கள். கடையில் கேட்காமல் வாங்கினால் 6500 கொடுப்பார்கள், அதுதான் ஆஸ்பத்திரி வெள்ளை. மின்விசிறி இறக்கைக்கு மேலே எந்த விளக்கும் வேண்டாம், சுற்றும்போது அறை முழுக்க நிழல் துடிக்கும்.

மதுரை_வாடகை:
திரை தரை வரைக்கும் தொங்கினால் உயரமாகத் தெரியும் என்கிறார்களே, அக்காவுக்கு அதைச் சொல்லவில்லையே?

இழைப்புளி:
தனியாக நிற்கிற ஜன்னலுக்கு அது சரி, கம்பியையும் கூரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். இவருக்குக் கட்டில் தலைமாடு ஜன்னலுக்குக் கீழே வருகிறது. நீளத் திரை கட்டிலுக்குப் பின்னால் சிக்கி அழுக்காகும், ஏசி காற்றையும் மறிக்கும். சுருட்டி ஏற்றுகிற வெளிர் நிறத் திரைதான் இங்கே பொருத்தம். கிழக்கு வெயில் காலை ஆறு மணிக்கே முகத்தில் அடிக்கும், அதனால் கொஞ்சம் அடர்த்தியான துணியாகப் பாருங்கள். அப்புறம், ஸ்விட்ச் போர்டிலிருந்து தலைமாட்டுக்கு ஒரு பிளக் பாயின்ட் இழுக்க வேண்டும். அதைப் பெயிண்டுக்கு முன்னால் செய்யுங்கள்.

சுண்ணாம்பு_வாளி:
ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தடவிப் பார்த்தீர்களா? பெயிண்ட் உப்பியிருக்கிறதா?

கொளத்தூர்_தேனீ:
ஜன்னலின் இடது கீழ்மூலையில் ஒரு கை அகலம் உரிந்திருக்கிறது.

சுண்ணாம்பு_வாளி:
அது ஓதம். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிப்பக்கம் ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அடுத்த மழைக்கு உரியும், அதுவும் இனிமேல் உங்கள் தலையணை மேல். முதலில் வெளியே ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடைக்கச் சொல்லுங்கள், சன்ஷேடில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், எமல்ஷன். மாசியில் தொடங்கினால் நிம்மதி. மேற்குச் சுவர் டெக்ஸ்சரைச் சுரண்டித்தான் ஆக வேண்டும், அதற்குக் கூலி தனியாகக் கேட்பார்கள், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கொளத்தூர்_தேனீ:
மாசி வரை காத்திருக்கிறோம். கட்டிலையும் பரணையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். டேப் ரெக்கார்டரை என்ன செய்வது என்று மாமனாரிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பரண்மேல்_பூனை:
அவர் அறையில்தான் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். கேசட் இருந்தால் பாடவும் செய்யும்.